உப்புக் காற்றில் தந்திரக் காசு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

சாதாரணக் காசை உள்ளங்கையில் மறைக்கவும், விரலிடுக்கில் நகர்த்தவும், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனதாகக் காட்டவும் ஓரளவு பழகிவிட்டீர்கள். அடுத்து நல்ல தந்திரக் காசு, அதாவது வித்தைக்கென்றே மாற்றிச் செய்த காசு, ஒன்று வாங்கலாம் என்ற எண்ணம் வந்திருக்கிறது. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று இந்தக் கடலோரத்தில் இருந்துகொண்டு பழகுபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வெளியூரில் தயாரான வழிமுறைகள் நம் காற்றையும் மணலையும் தண்ணீரையும் கணக்கில் எடுப்பதில்லை.

விலை அதிகமான காசைக் கையில் எடுத்ததும் விரல் இறுகிவிடும். விழுந்துவிடுமோ, வளைந்துவிடுமோ என்ற பயம் மணிக்கட்டு வரை ஏறும். பார்க்கிறவர்களுக்குக் காசின் உள்கட்டு தெரியாது. ஆனால் நீங்கள் அதைப் பயந்து பிடிப்பது சட்டென்று தெரிந்துவிடும். கீழே நான் சொல்லும் பராமரிப்பு, பயிற்சி எல்லாமே அந்தப் பயத்தை விரலிலிருந்து எடுப்பதற்குத்தான். காசைக் காப்பாற்றுவதும் வித்தையைக் காப்பாற்றுவதும் இங்கே ஒரே வேலை.

எது எங்கே உடையும்

ஷெல் என்பது உள்ளே குடைந்தெடுத்த காசு. ஒரு முகமும் விளிம்பும்தான் மிச்சம் இருக்கும். இன்னொரு காசின் மேல் தொப்பி மாதிரி உட்காரும். விளிம்பைக் கொஞ்சம் விரித்துச் செய்திருந்தால் சாதாரணக் காசே உள்ளே போகும். இதன் உயிர் முழுக்க அந்த மெல்லிய விளிம்பில் இருக்கிறது. சிமெண்டுத் தரையில் ஒரு தடவை விளிம்பு பட விழுந்தால் வட்டம் கோணிப்போகும். அப்புறம் காசு உள்ளே போகாது. போனால் வெளியே வராது.

மடங்கும் காசைத் துண்டாக அறுத்து, விளிம்பைச் சுற்றிய பள்ளத்தில் ரப்பர் வளையம் போட்டிருப்பார்கள். ஃப்ளிப்பர் காசில் ஒரு பாகம் கீல் போட்டுத் திறந்து மூடும். பெரும்பாலும் அதையும் ரப்பர்தான் இழுத்துப் பிடித்திருக்கும். இரண்டிலும் உலோகத்தைவிட ரப்பர்தான் முதலில் போகும். அதிலும் நம் ஊர் வெயிலில் ரப்பரின் ஆயுள் குறைவு.

காந்தக் காசில் சிறிய நியோடிமியம் காந்தமோ, காந்தத்தில் ஒட்டும் இரும்புத் தகடோ உள்ளே இருக்கும். நியோடிமியம் வலுவானது, ஆனால் நொறுங்கக்கூடியது. மேலே பூசிய நிக்கல் பூச்சு ஒரு இடத்தில் பெயர்ந்தால் போதும், துரு உள்ளே புகுந்துவிடும்.

காப்பர் சில்வர் காசில் ஒரு முகம் செம்பு நிறம், மறு முகம் வெள்ளி நிறம். அசையும் பாகம் எதுவும் கிடையாது. கீழே விழுந்தால் கீறல் விழும், அவ்வளவுதான். முதல் தந்திரக் காசாக இதைத்தான் வாங்கச் சொல்வேன். ஷெல் இரண்டாவது. மடங்கும் காசையும் ஃப்ளிப்பரையும் பல மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். வித்தை பெரிதாகத் தெரிகிறதே என்று அதில் போய்த் தொடங்குபவர்கள்தான் சீக்கிரம் மனம் வெறுத்துப்போகிறார்கள்.

ரூபாயா, டாலரா

நம் காசிலேயே வித்தை செய்வது நல்லதுதான், பார்ப்பவர் சட்டைப்பையில் இருப்பதும் அதுதான். ஆனால் பட்டறைக்குப் போய் ஒரு பத்து ரூபாயை லேத்தில் குடைந்து தரச் சொல்லாதீர்கள். 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் காசை உருக்குவதையும் சிதைப்பதையும் தடை செய்கிறது. வித்தைக்காக என்றாலும் நீங்களாக இந்திய நாணயத்தில் கை வைக்க வேண்டாம்.

பத்து ரூபாய்க் காசில் இன்னொரு சிக்கலும் உண்டு. 27 மில்லிமீட்டர் அகலம், 7.71 கிராம் எடை, இரண்டு நிறம் என்று கைக்கும் கண்ணுக்கும் அருமையான காசு அது. ஆனால் செல்லாது என்ற புரளியால் தமிழ்நாட்டில் கடைக்காரர்களும் கண்டக்டர்களும் அதை வாங்க மறுத்த காலம் ஒன்று இருந்தது. 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட வேண்டியிருந்தது. அந்தப் பழக்கத்தால் இன்னும் சிலர் பத்து ரூபாயைப் பார்த்ததும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். தந்திரக் காசுக்கு அந்தப் பார்வை ஆகாது.

அதனால்தான் அமெரிக்க அரை டாலர். 30.6 மில்லிமீட்டர் அகலம், 11.34 கிராம். உள்ளங்கைச் சதையில் பிடித்து மறைக்க இந்த அளவு மிகச் சரியாக இருக்கும். தந்திரக் காசு செய்யும் அர்ஜென்டினாவின் டாங்கோ, அமெரிக்காவின் ஜான்சன் போன்ற நிறுவனங்கள் அரை டாலரில் நிறையச் செய்கின்றன. காப்பர் சில்வரில் அரை டாலருக்குத் துணையாக வருவது பெரும்பாலும் பழைய இங்கிலாந்து பென்னி. அதுவும் ஏறக்குறைய அதே அகலம். வரவழைக்கும்போது அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எந்த வகை வாங்கினாலும் அதே தேய்மானமும் அதே நிறமும் உள்ள சாதாரணக் காசு நான்கையும் கூடவே வாங்குங்கள். ஜோடி இல்லாத தந்திரக் காசால் பயனில்லை.

வெளிநாட்டுக் காசு இந்தக் கடலோரத்தில் யாருக்கும் விநோதமாகத் தெரியாது. வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர் என்று போய்வந்தவர்கள் ஏகப்பட்ட குடும்பங்களில் இருக்கிறார்கள். "மாமா கொண்டுவந்த காசு" என்று சொன்னால் போதும். வயதானவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஜார்ஜ் மன்னர் தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அகலமும் அரை டாலருக்கு மிக நெருக்கம். "அந்தக் கால ரூபாய் அளவு பாருங்க தாத்தா" என்று அரை டாலரைக் காட்டினால் அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பேச்சு நடக்கும்போது உங்கள் கைக்கு எவ்வளவு வசதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பழங்காசு எங்காவது கண்ணில் பட்டால் அதை அறுக்கவோ தேய்க்கவோ நினைக்காதீர்கள். அழகன்குளம் அகழாய்வில் ரோமானியக் காசுகள் கிடைத்த கடற்கரை இது. அவை இருக்க வேண்டிய இடம் வேறு.

காசு வந்த அன்று

பார்சலைத் தரையில் உட்கார்ந்து, விரித்த போர்வையின் மேல் பிரியுங்கள். சின்ன ரப்பர் வளையமோ, பிரிக்கும் மோதிரமோ கூட வந்திருக்கலாம்; உறையைத் தூக்கிப் போடும் முன் உதறிப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் காசை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் கீறலோ கோணலோ வந்தால் எப்போது வந்தது என்று ஒப்பிட அது உதவும்.

பிறகு ஷெல்லைச் சாதாரணக் காசின் மேல் வைத்து, விரல் அழுத்தாமல் தன் எடையில் இறங்குகிறதா என்று பாருங்கள். காசைக் கால் சுற்று திருப்பி மறுபடி பாருங்கள். நான்கு திசையிலும் ஒரே மாதிரி இறங்க வேண்டும். ஒரு திசையில் மட்டும் பிடித்தால் விளிம்பு வட்டமாக இல்லை. அன்றைக்கே விற்றவரிடம் சொல்லுங்கள்.

அடுத்து சத்தம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சாதாரணக் காசை ஒன்றோடொன்று தட்டுங்கள். அப்புறம் ஷெல் போட்ட காசோடு தட்டுங்கள். வித்தியாசம் காதில் விழும். எந்த இடத்தில் தட்டினால் அந்த வித்தியாசம் குறைகிறது என்று தேடி வைத்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் கண்ணுக்கே பயிற்சி எடுக்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குக் காதும் உண்டு.

பழகும் முறை

முதல் படியில் தந்திரக் காசு பெட்டியிலேயே இருக்கட்டும். முழு வித்தையையும், பேச்சோடு, சாதாரணக் காசை வைத்தே ஓட்டுங்கள். மாயம் நடக்க வேண்டிய இடத்தில் நடக்காது, பரவாயில்லை. கை எங்கே போக வேண்டும், கண் எங்கே பார்க்க வேண்டும், எந்த வார்த்தைக்கு எந்த விரல் விரிய வேண்டும் என்பது அப்போதுதான் பதியும். நாணயங்களின் அரசன் என்று பெயர் வாங்கிய அமெரிக்கர் டி. நெல்சன் டவுன்ஸ் வெறுங்காற்றிலிருந்து காசு காசாகப் பறிப்பது முதன்மையாக உள்ளங்கைப் பிடியை நம்பிய வித்தை. அந்தப் பிடி இல்லாதவர் கையில் எவ்வளவு விலை உயர்ந்த ஷெல்லும் வெறும் தகடுதான்.

இரண்டாவது படியில் தந்திரக் காசை எடுங்கள். உட்கார்ந்தே பழகுங்கள். பாயின் மேல் ஜமக்காளத்தை நாலாக மடித்து விரித்து, அதன் மேல் கையை ஒரு சாணுக்கு மேல் உயர்த்தாமல் செய்யுங்கள். விழுந்தாலும் அடி படாது. அது தெரிந்ததும் விரல் தானாகத் தளரும். காசைப் போட்டு எடுக்கும் வித்தைகளுக்குக் கண்ணாடி டம்ளரை விட்டுவிட்டுப் பனையோலைக் கொட்டான் ஒன்றை வைத்துப் பழகுங்கள். நம் பக்கத்தில் சுலபமாகக் கிடைக்கும், காசின் விளிம்புக்கும் அடி படாது. மொசைக் தரையில் நின்றபடி பழகுவதைக் கடைசிக்குத் தள்ளிப் போடுங்கள். ஷெல்லைப் பொறுத்தவரை மலிவான ஒன்றைப் பழக்கத்துக்கும் நல்லதை நிகழ்ச்சிக்கும் என்று பிரித்து வைத்தால் நிம்மதி.

மூன்றாவது படி மாற்றி மாற்றிச் செய்வது. ஒரு தடவை சாதாரணக் காசு, அடுத்த தடவை தந்திரக் காசு. போனைச் செம்பில் சாய்த்து வைத்து வீடியோ எடுங்கள். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். எந்தத் தடவை எந்தக் காசு என்று உங்களுக்கே பிரித்துச் சொல்ல முடியாத வரைக்கும் வெளியே காட்ட வேண்டாம். கட்டைவிரல் நுனி வெளுத்துப் போகிறதா என்று குறிப்பாகப் பாருங்கள். பயம் முதலில் அங்கேதான் தெரியும்.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். நீண்ட நகம் இருந்தால் ஷெல்லை நெம்பத்தான் தோன்றும். நெம்பிய இடத்தில் விளிம்பு விரிந்துவிடும்.

ஷெல்லுக்குள் காசு சிக்கிக்கொண்டால் கத்தி, ஊக்கு, பல் எதையும் கொண்டுபோகாதீர்கள். திறந்த பக்கம் கீழே பார்க்கும்படி ஷெல்லை விளிம்போரம் லேசாகப் பிடித்து, அந்தக் கையை மடித்த துணியின் மேல் மெதுவாகத் தட்டுங்கள். உள்ளே இருக்கும் காசு தன் எடையில் இறங்கும். இறங்கவில்லை என்றால் இடுக்கில் மணல் துகள் இருக்கிறது என்று அர்த்தம். மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் விளிம்பைச் சுற்றித் தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும் வகைக் காசுகளோடு, பிரிப்பதற்கென்று ஒரு மோதிரம் வரும். அதைத் தட்டையான மேசையில் வைத்து, காசோடு வந்த வழிமுறையில் சொன்ன பக்கம் கீழே இருக்கும்படி காசை வைத்துச் சமமாகத் தட்ட வேண்டும். சாய்த்துத் தட்டினால் பூட்டு கெடும்.

உப்பு, மணல், வியர்வை

நம் ஊரில் காசைக் கெடுப்பதில் முதலிடம் வியர்வைக்கும் உப்புக் காற்றுக்கும்தான். வாடைக் காலத்து ஈரத்தில் திறந்து வைத்த செம்புக் காசில் பச்சைக் களிம்பு பிடிக்கும், வெள்ளி மங்கும், இரும்புத் தகடு துருவேறும். பழகி முடித்த ஒவ்வொரு தடவையும் பழைய பருத்தி வேட்டித் துணியால் துடையுங்கள். மின்விசிறிக் காற்றில் கொஞ்ச நேரம் உலரவிட்டு, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மாத்திரை டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் பொட்டலமே போதும். நாள்பட்டதும் புதிதாக மாற்றுங்கள். ஷெல்லும் காசும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்க வேண்டாம், தனித்தனித் துணிப்பை தையுங்கள்.

கழுவ வேண்டி வந்தால் போர்த் தண்ணீர் ஆகாது. இந்த மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு; உலர்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் படியும். மெக்கானிக் கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கி வையுங்கள். அது உப்பு நீக்கிய நீர். (சீல் உடைக்காத புது பாட்டிலாக, தண்ணீர்தானா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள், பேட்டரி அமிலமும் அதே கடையில்தான் இருக்கும்.) ரப்பர், காந்தம் உள்ள காசை முழுக்காட்ட வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

வீட்டில் யாராவது அன்போடு, "குடுப்பா, புளி போட்டு விளக்கித் தாரேன்" என்பார்கள். குடுக்காதீர்கள். புளியின் அமிலம் மேல் நிறத்தை எடுத்துவிடும். ஷெல் பளபளக்கும், ஜோடிக் காசு மங்கலாக இருக்கும், ஆட்டம் முடிந்தது. வெள்ளி விளக்குக்குப் போடும் திருநீறும் வேண்டாம். பொடி இடுக்கில் போய் அடைந்துகொள்ளும். தேங்காய் எண்ணெய் பிசுபிசுக்கும். தையல் மிஷின் எண்ணெய் உலோகக் கீலுக்கு ஊசி முனை அளவு போடலாம், ரப்பர் உள்ள காசுக்கு அதுவும் கூடாது. அந்த எண்ணெயில் ரப்பர் ஊதிப்போகும்.

ரப்பர் வளையத்தில் கந்தகம் உண்டு. வெள்ளியோடு ஒட்டியே கிடந்தால் அந்த இடம் கறுக்கும். நீண்ட நாள் நிகழ்ச்சி இல்லையென்றால் வளையத்தைக் கழற்றி இருட்டான டப்பாவில் தனியே வையுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னும் வளையத்தை லேசாக இழுத்து, வெளிச்சத்தில் வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தாலே மாற்றிவிடுங்கள்.

கடற்கரை மணலில் தந்திரக் காசை எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தனுஷ்கோடிப் பின்னணியில் வீடியோ எடுத்தால் அழகாகத்தான் இருக்கும். சாதாரணக் காசில் செய்யும் வித்தையை அங்கே எடுங்கள். மணலில் கலந்திருக்கும் கறுப்புத் துகள்கள் காந்தக் காசில் மீசையாக ஒட்டிக்கொள்ளும், எடுத்து முடிவதற்குள் பூச்சு கீறிவிடும். தவறி விழுந்துவிட்டால் அங்கேயே பூட்டியோ மடக்கியோ பார்க்காதீர்கள். அப்படியே துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து பிரஷ்ஷால் தட்டுங்கள். காந்தத்தில் ஒட்டிய துகளை ஒட்டும் டேப்பால் எடுக்கலாம்.

ஆட்கள் முன்னால்

மேசையில் செய்யும் வித்தைக்குத் தடித்த துணி விரிப்பு கட்டாயம். பாம்பன், மண்டபம் பக்கம் கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த வெளியில் கைக்குட்டையும் விரிப்பும் நிற்காது. சுவர் மறைவான இடம் பாருங்கள். முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் இன்னொரு நன்மை, பின்னால் நின்று எட்டிப் பார்க்க யாராலும் முடியாது. நம் ஊரில் வித்தை என்றதும் வட்டமாகச் சூழ்ந்துகொள்வார்கள். "எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க, நல்லாத் தெரியும்" என்று தொடங்கும் முன்பே திருப்பிவிடுங்கள்.

பள்ளிக்கூடத்திலும் திருவிழாவிலும் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கண் கீழிருந்து மேலே பார்க்கும். பெரியவர்களுக்கு மறைந்திருக்கும் ஷெல்லின் குழிந்த பக்கம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே நீங்களும் உட்கார்ந்து செய்யுங்கள், அல்லது கையை இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள். பயிற்சியின்போதே போனைத் தரையில் வைத்து ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் இது பிடிபடும்.

கை வியர்க்கிறவர்கள் தொடங்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். பவுடர் வேண்டாம், இடுக்கில் போய் அடையும்.

காந்தக் காசு பையில் இருக்கும்போது அதே பையில் சில்லறை வைக்காதீர்கள். இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் துருப்பிடிக்காத எஃகு, காந்தத்தில் ஒட்டும். அரை டாலர் ஒட்டாது. வித்தை நடுவே பார்ப்பவரிடம் சில்லறை கடன் வாங்குவதாக இருந்தால் இதை முதலிலேயே யோசித்துவிடுங்கள்.

காசைக் கொடு என்று கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். "தம்பி, அந்தக் காசை இங்கிட்டுக் குடு பாப்போம்" என்று ஒரு அண்ணன் கை நீட்டும்போது தயங்கினால் அதோடு வித்தை போச்சு. அவர் கேட்பதற்கு முன்பே தந்திரக் காசு வெளியேறிச் சாதாரணக் காசு கைக்கு வந்திருக்க வேண்டும். "இந்தாங்கண்ணே, நல்லாப் பாருங்க" என்று கொடுத்துவிட்டு அவர் பார்த்து முடிக்கும் வரை அமைதியாக நில்லுங்கள். அந்த மாற்றுதலை வித்தையின் ஒரு பகுதியாகவே சேர்த்துப் பழகுங்கள், பின்னால் ஒட்டவைக்கும் வேலையாக வேண்டாம். என்ன ஆனாலும் ஷெல்லையோ மடங்கும் காசையோ இன்னொருவர் கையில் கொடுக்காதீர்கள். வலைக்கயிறு இழுத்துப் பழகிய கை ஆசையாக ஒரு அழுத்து அழுத்தினாலே விளிம்பு போய்விடும். சின்னப் பிள்ளைகள் வாயில் போடுவார்கள். காந்தத்தை விழுங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய ஆபத்து.

நடுவில் ரப்பர் அறுந்தாலோ ஷெல் சிக்கினாலோ என்ன செய்வது என்பதற்கும் ஒரு பாதை வேண்டும். காசைப் பையில் போட்டுவிட்டுச் சாதாரணக் காசில் முடிக்கக்கூடிய வேறொரு வித்தைக்குத் தாவுங்கள். எந்த இடத்தில் அறுந்தாலும் அங்கிருந்து தாவ வருகிறதா என்று வீட்டில் பழகிப் பாருங்கள். இந்த ஒரு பயிற்சி மற்ற எல்லாவற்றையும்விட விரலைத் தளர்த்தும்.

முடிந்ததும் கூட்டம் கலைவதற்கு முன் எண்ணுங்கள். எத்தனை காசு கொண்டுபோனீர்கள், எத்தனை திரும்பியிருக்கிறது. தந்திரக் காசுக்கென்று ஜிப் வைத்த தனிப் பை, சில்லறைக்கு வேறு பை. ரூபாய்த் தந்திரக் காசு வைத்திருப்பவர்கள் இதில் இரட்டைக் கவனமாக இருக்க வேண்டும். டீக்கடைக் கல்லாவிலோ, கோயில் உண்டியலிலோ, தர்கா உண்டியலிலோ போய்விட்டால் திரும்பக் கிடைக்காது. அது போக, தெரியாமல் கொடுத்தாலும் கடைக்காரருக்குச் செல்லாத காசைத் தந்ததாகிவிடும்.

விளிம்பு கோணிவிட்டால் நகை ஆசாரியிடம் ஓடுவதற்கு முன் செய்தவருக்கு ஒரு போட்டோ அனுப்பிக் கேளுங்கள். பழுது பார்த்துத் தருபவர்கள் உண்டு. ஆசாரியிடம் போகத்தான் வேண்டும் என்றால் சூடு காட்டக் கூடாது, பாலிஷ் போடக் கூடாது, வட்டம் மட்டும் நேராக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்து செய்து வாங்கி வாருங்கள்.